டேஷ்போர்டு உரிகிறது, கதவுப் பலகை உப்புகிறது: பழைய கார் வினைல் கேள்வி-பதில்

தென்னாப்பிரிக்காவின் நாட்டாலில் மழை ஓய்ந்து காற்று உலரத் தொடங்கிவிட்டது. காரின் உள்பக்கத்துக்கு வண்ணம் அடிக்க இதைவிட நல்ல காலம் கிடையாது. அதனால்தானோ என்னவோ, இம்முறை வந்த கேள்விகள் எல்லாமே டேஷ்போர்டு, இருக்கை, கதவுப் பலகையை மூடும் பிளாஸ்டிக் தோலான வினைலைப் பற்றியவை.

1974 ஃபோர்டு கோர்ட்டினாவின் டேஷ்போர்டுக்கு ஹார்டுவேர் கடையில் வாங்கிய கறுப்பு ஸ்ப்ரே அடித்தேன். சில மாதங்களிலேயே வெயில் படும் பக்கம் செதில் செதிலாக உரிகிறது. மலிவான பெயின்ட் வாங்கியதுதான் தவறா? (மெரபேங்க்)

விலையில் தவறில்லை. பெயின்டின் வகை தவறு. அதைவிட, அது விழுந்த பரப்பு சுத்தமாக இல்லை.

கதவு, ஜன்னலுக்கு அடிக்கும் எனாமல் காய்ந்த பிறகும் நாளுக்கு நாள் இறுகிக்கொண்டே போகும். வினைலோ வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் பொருள். கண்ணாடி ஏற்றிய காரை டர்பன் வெயிலில் நிறுத்தினால் டேஷ்போர்டின் மேல்பகுதி 80 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிடும். அடியில் இருப்பது அசைகிறது, மேலே இருப்பது அசைய மறுக்கிறது. உரியாமல் என்ன செய்யும்?

வினைலுக்கென்று விற்கும் பூச்சு வேறு வகை. அதைச் சாயம் என்று கடைக்காரர்கள் சொன்னாலும் அது துணியில் ஊறுவதுபோல் உள்ளே ஊறுவதில்லை. அதிலுள்ள கரைப்பான் வினைலின் மேற்பரப்பைக் கொஞ்சம் இளக்குகிறது. வளைந்துகொடுக்கும் பிசின் அந்த இளகிய பரப்பைப் பற்றிக்கொண்டு காய்கிறது. பரப்பில் எண்ணெய் இருந்தால் இந்தப் பிடிப்பே நடக்காது. ஐம்பது வருடம் பளபளப்புக்காகத் தடவிய சிலிக்கோன் பாலிஷ் எல்லாம் உங்கள் டேஷ்போர்டில்தான் படிந்திருக்கிறது. அடித்த உடனே பெயின்ட் சின்னச் சின்ன வட்டங்களாக விலகிக் குழி விழுந்திருந்தால் அது சிலிக்கோனின் வேலை.

இப்போது செய்ய வேண்டியது: டேஷ்போர்டைக் கழற்றி வெளியே எடுங்கள். உரியும் பெயின்டை மாஸ்கிங் டேப் ஒட்டி இழுத்தும் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டியும் எடுங்கள். பெயின்ட் ரிமூவர், அசிட்டோன், தின்னர் மூன்றும் வேண்டாம், வினைலையே கரைத்துவிடும். பிறகு பாத்திரம் கழுவும் திரவச் சோப்பும் வெந்நீரும் மென்மையான பிரஷும் கொண்டு தேயுங்கள். கழுவிய நீர் தெளிவாக வரும்வரை நிறுத்த வேண்டாம். அடுத்து சாம்பல் நிற ஸ்காட்ச்பிரைட்டால் லேசாகத் தேய்த்து, மெழுகும் எண்ணெயும் நீக்கும் திரவத்தால் துடைத்து, கடைசியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணி அடிக்கடி மாற வேண்டும். ஒரே துணி என்றால் எண்ணெயை இங்கிருந்து அங்கே நகர்த்துகிறீர்கள், அவ்வளவுதான். தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: முத்து முத்தாக நின்றால் இன்னும் அழுக்கு இருக்கிறது, படலமாகப் பரவினால் தயார்.

பூச்சை 25 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து பனிபோல் அடியுங்கள். முதல் பூச்சில் பழைய நிறம் தெரியத்தான் வேண்டும். பத்து நிமிட இடைவெளி விட்டு மூன்று, நான்கு மெல்லிய பூச்சுகள் போதும். ஈரமாகத் தடித்து அடித்தால் வினைலிலுள்ள தோல் போன்ற வரிகள் நிரம்பி மழுங்கிவிடும்; போனால் திரும்ப வராது. மேல்பகுதிக்கு மினுமினுப்பு இல்லாத பூச்சையே வாங்குங்கள், இல்லையென்றால் முன் கண்ணாடியில் அதன் பிம்பம் விழுந்து சாலையை மறைக்கும். மூன்று லிட்டர் எசெக்ஸ் வி6 எஞ்சினோடு இந்நாட்டில் ஓடிய கோர்ட்டினாக்களில் உள்பக்கம் கெடாமல் மிஞ்சியவை அரிது. உங்களுடையதும் அந்த வகை என்றால் இந்த உழைப்பில் ஒரு படியையும் விட்டுவிடாதீர்கள்.

டட்சன் 1200. டேஷ்போர்டின் மேலே மூன்று விரிசல். நிரப்பிப் பெயின்ட் அடித்தால் நிற்குமா? (லெனேஷியா)

சின்ன விரிசல் என்றால் நிற்கும். அகன்று, ஓரம் மேல்நோக்கிச் சுருண்டுவிட்டால் நீண்ட காலம் நிற்காது. உங்கள் ஊர் சுமார் 1,700 மீட்டர் உயர மேட்டுநிலத்தின் பகுதி. அங்கே புற ஊதாக் கதிர் கடற்கரையைவிடக் கடுமையாக விழுகிறது. வினைலை மென்மையாக வைத்திருக்கும் பொருள் வெப்பத்தில் வெளியேறிவிட, தோல் சுருங்கி, அடியிலுள்ள ஸ்பாஞ்சோடு இழுபட்டு வெடிக்கிறது. நிரப்பிய பின்னும் அந்த இழுப்பு ஓய்வதில்லை.

முயல்வதென்றால், விரிசல் முடியும் புள்ளியில் சின்ன வட்டத் துளை போட்டு அது ஓடுவதை நிறுத்துங்கள். சுருண்ட ஓரத்தைச் சரிவாக வெட்டி எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் பம்பருக்குப் பயன்படுத்தும் வளையும் இருகலவை நிரப்பியை வையுங்கள். தகரத்துக்கு வைக்கும் பட்டியை (புட்டி) வைத்தால் வெயில் வந்ததும் பிளந்துகொள்ளும். தேய்த்துச் சமன் செய்த இடம் வழவழப்பாகத் தெரியும் என்பதால் வரி கொடுக்கும் ஸ்ப்ரே ஒன்றையும் அடித்து, பிறகு வினைல் பூச்சு. மூன்று விரிசலும் பெரியது என்றால், மேலே ஒட்டும் வார்ப்பு உறையோ முழுமையாகப் புது வினைல் இழுத்துத் தைப்பதோதான் சரியான வழி. எதைச் செய்தாலும் நிறுத்தும்போது முன் கண்ணாடிக்கு மறைப்பு வையுங்கள்.

அப்பாவின் 1968 பீட்டில் எனக்கு வந்திருக்கிறது. இருக்கைகள் அசல் வினைல். தொட்டால் பிசுபிசுக்கிறது, கண்ணாடியின் உள்ளே வெண்படலம் படிகிறது. பெயின்ட் அடித்து அழகாக்கலாமா? (சாட்ஸ்வொர்த்)

தயவுசெய்து அடிக்காதீர்கள். உய்ட்டென்ஹேக்கிலுள்ள வோல்க்ஸ்வாகன் தொழிற்சாலை 1951 முதல் 1979 வரை பீட்டில்களைக் கட்டியது; அங்கே தைத்த இருக்கைத் தோல் இன்னும் கிழியாமல் உங்களிடம் இருக்கிறது. அதை மூட வேண்டிய அவசியம் எதுவும் உங்கள் கடிதத்தில் தெரியவில்லை.

பிசுபிசுப்பும் கண்ணாடிப் படலமும் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து வருபவை: வினைலிலிருந்து கசியும் மென்மையாக்கி. அதன்மேல் பெயின்ட் அடித்தால் அது அடியிலிருந்து பெயின்டையும் இளக்கி, உட்காருபவரின் வேட்டி, சேலையில் ஒட்ட வைக்கும். வெதுவெதுப்பான சோப்பு நீரால் பல முறை கழுவி, நிழலில் காற்றாட உலர்த்துங்கள். மடிப்புகளில் கறுப்புப் புள்ளி இருந்தால் அது பூஞ்சணம், சோப்பு நீரிலேயே பெரும்பகுதி போய்விடும். தையல் விட்ட இடத்தில் பாலியெஸ்டர் நூல் கொண்டு பழைய துளைகளிலேயே தையுங்கள். புதுத் துளை போட்டால் வினைல் அந்தக் கோட்டில் கிழியும். அப்பா உட்கார்ந்து தேய்ந்த இடம் தேய்ந்தே இருக்கட்டும்.

ஸ்ப்ரே அடித்ததும் கறுப்பு, காய்ந்ததும் வெண்சாம்பல். ஏன்? (டொங்காட்)

ஈரப்பதம். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்துவிடுகிறது. மழை நாளிலும் மாலையிலும் அடிக்காதீர்கள். உலர்ந்த நாளில் முற்பகலில் மெல்லிய பூச்சு ஒன்று மேலே கொடுத்தால் பெரும்பாலும் சரியாகும்.

என் கணவர் வீட்டோடு ஒட்டிய கராஜில் ஸ்ப்ரே அடிக்கிறார், மூக்கில் கைக்குட்டைதான். ஆபத்தா? (ஃபீனிக்ஸ்)

ஆபத்துதான், அம்மா. துணி தூசியைத் தடுக்கும், கரைப்பான் ஆவியைத் தடுக்காது. கரிமக் கரைப்பான் ஆவிக்கென்ற வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும். கராஜ் கதவு முழுக்கத் திறந்திருக்க வேண்டும், அருகில் கேஸ் அடுப்போ வாட்டர் ஹீட்டரோ எரியக்கூடாது. கடினமாக்கி கலந்து அடிக்கும் இருகலவைப் பெயின்டில் ஐசோசயனேட் இருக்கலாம். அது ஆஸ்துமாவை உண்டாக்கவல்லது, இந்த முகமூடியை மட்டும் நம்பி வீட்டில் தொடவே கூடாது. இதை அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

கதவுப் பலகையின் கீழ்ப்பாகம் உப்பி, வினைல் கழன்று தொங்குகிறது. புதிய பசை போதுமா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

போதாது. கண்ணாடி இறங்கும் இடைவெளியில் மழைநீர் உள்ளே போவது இயல்பு. கதவின் அடித்துளை வழியே அது வெளியேற வேண்டும். அந்தத் துளைகள் அடைத்து, பலகைக்குப் பின்னாலுள்ள பிளாஸ்டிக் தாளும் கிழிந்திருந்தால் ஹார்டுபோர்டு நீரைக் குடித்து உப்புகிறது. முதலில் துளைகளைக் கம்பி விட்டுத் திறங்கள், கண்ணாடி ஓர ரப்பரை மாற்றுங்கள், கெட்டியான பாலித்தீன் தாள் ஒட்டுங்கள். பழைய பலகையை அச்சாக வைத்து 3 மில்லிமீட்டர் ஹார்டுபோர்டில் புதியது வெட்டி, இரு பக்கமும் முக்கியமாக ஓரங்களிலும் வார்னிஷ் பூசுங்கள். வினைல் மிருதுவாக இருந்தால் மிதமான சூடு காட்டி உரித்து அதையே திரும்ப ஒட்டலாம். பசை வெப்பம் தாங்கும் வகையாக இருக்கட்டும். சாதாரணக் காலணிப் பசை பிப்ரவரி வெயிலில் விட்டுவிடும்.

சிவப்பு உள்பக்கத்தைக் கறுப்பாக மாற்றலாமா? (இசிப்பிங்கோ)

செய்யலாம். ஆனால் ஒவ்வொரு கீறலிலும் சிவப்பு எட்டிப் பார்க்கும், கறுப்பு இருக்கை நண்பகலில் தொடையைச் சுடும். அசல் சிவப்பைத் திரும்பக் கொண்டுவருவதே என் விருப்பம். இருக்கைக்கு அடியிலோ சாம்பல் கிண்ணத்துக்குப் பின்னாலோ வெயில் படாத துண்டு ஒன்று இருக்கும். அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு வண்ணம் கலக்கும் கடைக்குப் போங்கள். வெளுத்த பகுதியைக் காட்டினால் வெளுத்த நிறத்தைத்தான் கலந்து தருவார்கள்.