பொய்ச் செய்தி பரப்புபவர்களுக்கு என்ன லாபம்? போன நம்பிக்கையை மீட்க முடியுமா?

ஒரே சம்பவத்துக்கு முரண்பட்ட பல கதைகளை நிறுத்தாமல் கொட்டுவதுதான் தகவல் திரிப்பின் பழகிய உத்தி. 2014-ல் கிழக்கு உக்ரைன் மேல் எம்எச்17 என்ற மலேசியப் பயணிகள் விமானம் வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தார்கள். உக்ரைன் போர் விமானம்தான் சுட்டது என்ற சாயலில் முதலில் பேசிய ரஷ்யத் தரப்பு, அப்புறம் உக்ரைனின் ஏவுகணை என்றது. இரண்டும் ஒத்துப்போகாதே என்றால், ஒத்துப்போகவே வேண்டாம், "யார் சொல்வதையும் நம்ப முடியாதப்பா" என்று நாம் சலித்துக்கொண்டால் போதும். கள்ள நோட்டு நிறைய புழங்கினால் நல்ல நோட்டை வாங்கவும் கை தயங்குமே, அதே கதைதான்.

சரி, மீட்பது எப்படி? "எங்களை நம்புங்கள்" என்று கேட்பது வீண். அந்த வழக்கில் பன்னாட்டு விசாரணைக் குழு ஏவுகணைப் பாகங்களையும் ஒட்டுக்கேட்ட தொலைபேசி உரையாடல்களையும் பொதுவில் வைத்தது, சாட்சிகளை வெளிப்படையாக அழைத்தது. 2022-ல் நெதர்லாந்து நீதிமன்றம் ரஷ்ய ஆதரவுத் தரப்பைச் சேர்ந்த மூவரைக் குற்றவாளிகள் என்றது, ஒருவரை விடுவித்தது. ஆதாரம் போதாத இடத்தில் விடுவிக்கிற நீதிமன்றம் என்பதால்தான், என் கணிப்பில், மற்ற தீர்ப்புக்கும் எடை கூடுகிறது. எட்டு வருடம் ஆனது என்பதும் உண்மை. பொய்க்கு அவ்வளவு நேரம் தேவைப்படுவதில்லை.

எதையுமே நம்பாதவரை ஏமாற்ற முடியாது என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் இந்த உத்தி குறிவைப்பதே அந்த மனநிலையைத்தான்.