எண்ணெயை விட்டாச்சு, சோறு குறையலையே?

கேள்வி: வயது 61. மூன்று வருடமாக எண்ணெய், நெய், தேங்காய் எதையும் தொடுவதில்லை. காலை இட்லி, மதியம் சோறு, இரவு சப்பாத்திதான். ஆனாலும் டிரைகிளிசரைடு 240 வந்திருக்கிறதே, டாக்டர்?

இவ்வளவு கட்டுப்பாடாக இருந்தும் இப்படி வந்தால் மனசு நொந்துதான் போகும், அம்மா. நீங்கள் சொன்ன மூன்று வேளையும் மாவுச்சத்துதான். உடம்பு செலவழித்தது போக மிஞ்சும் மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றி, டிரைகிளிசரைடாக ரத்தத்தில் விடுகிறது. அது 150க்குள் இருக்க வேண்டும். இரவு சப்பாத்தியைப் பத்தியம் என்று பலர் நம்புகிறார்கள். நாலு சப்பாத்தி சாப்பிட்டால் சோற்றுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 48,835 பெண்களிடம் 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினர் கொழுப்பைக் குறைத்து, காய், பழம், தானியத்தைக் கூட்டினார்கள். சுமார் எட்டு ஆண்டு கழித்து, 2006இல் முடிவு வந்தபோது, மாரடைப்பு குறிப்பிடும்படி குறைந்திருக்கவில்லை. கொழுப்பின் மொத்த அளவை மட்டும் பார்த்தால் போதாது. எந்த வகைக் கொழுப்பு, அதை எடுத்த இடத்தில் எதை வைக்கிறோம் என்றும் பார்க்க வேண்டும்.

சோற்றைப் பாதியாக்குங்கள். அந்த இடத்தில் கீரைக் கூட்டு, சுண்டல், மீன் அல்லது முட்டை வரட்டும். தாளிக்க இரண்டு ஸ்பூன் எண்ணெய் தாராளமாக விடலாம். சர்க்கரையும் தைராய்டும் பரிசோதித்துவிடுங்கள். அவற்றாலும் டிரைகிளிசரைடு ஏறும்.

கேள்வி: 50 வயது வரை கொலஸ்ட்ரால் சரியாக இருந்தது. சாப்பாடு மாறவில்லை, இப்போது எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் மட்டும் ஏறுகிறது.

ரத்தத்திலிருந்து எல்டிஎல்லைக் கல்லீரல் இழுத்துக்கொள்ள, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் உதவும். மாதவிடாய் நின்றதும் அந்தத் துணை குறைகிறது. உங்கள் தவறு ஏதுமில்லை. சாப்பாட்டில் சரியாகாவிட்டால் மாத்திரை எடுக்கத் தயங்க வேண்டாம்.

கேள்வி: செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் இதயத்துக்கு நல்லதுதானே?

செக்கில் ஆட்டினாலும் அதில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்புதான், எல்டிஎல்லை ஏற்றும். தினசரி சமையலுக்குக் கடலை எண்ணெய், நல்லெண்ணெய் மேல். அவியலுக்குக் கடைசியில் ஒரு ஸ்பூன் ஊற்றுவதை நான் தடுக்கமாட்டேன்.

கேள்வி: அம்மாவுக்கு 68. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தாடை வலிக்கிறது. வாயு என்கிறார்.

பெண்களுக்கு இதயக் கோளாறு நெஞ்சுவலி இல்லாமல் இப்படியும் வரும். ஓமத் தண்ணீர் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். இன்றே ஈசிஜி எடுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வந்தாலோ, வியர்த்துக் கொட்டினாலோ உடனே 108க்குக் கூப்பிடுங்கள்.