சிபியு 100 சதவீதம்: இந்த முறை வந்த கேள்விகள்

என் வேர்ட்பிரஸ் தளத்தில் 40 பிளகின்கள் (கூடுதல் வசதிக்குச் சேர்க்கும் நிரல்கள்). செர்வரின் சிபியு எப்போதும் உச்சத்தில். எத்தனை வரை வைக்கலாம்?

எண்ணிக்கையில் ஒன்றுமில்லை. 40 சாதுவான பிளகின்கள் சேர்ந்து செய்யாத நாசத்தை ஒரே ஒரு பிளகின் செய்யும். குவெரி மானிட்டரைப் போட்டு, எது டேட்டாபேஸை அதிகம் குடைகிறது என்று பாருங்கள். பார்த்து முடித்ததும் அதையும் நிறுத்துங்கள், அதுவும் பிளகின்தான். எதைத் தொடுவதற்கு முன்பும் பேக்கப்.

இரவு 2 மணிக்கு ஒருவர்கூட தளத்தில் இல்லை. அப்போதும் சிபியு 90.

ஒருவரும் இல்லை என்று எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள்? அனலிடிக்ஸைப் பார்த்திருப்பீர்கள். ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டாத பாட்கள், அதாவது ஆளில்லாமல் தளங்களை மேயும் நிரல்கள், அதில் தெரியாது. செர்வருக்கு வரும் கோரிக்கைகள் பதிவாகும் ஆக்சஸ் லாகைத் திறங்கள். லாகின் பக்கத்தையோ, வெளி ஆப்கள் தளத்தோடு பேசும் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி கோப்பையோ யாராவது விடாமல் தட்டிக்கொண்டிருப்பார்கள். ஜெட்பேக் பிளகினோ வேர்ட்பிரஸ் மொபைல் ஆப்போ பயன்படுத்தாவிட்டால் இரண்டாவதை செர்வரிலேயே அடைத்துவிடலாம். லாகில் அப்படி எதுவும் இல்லையா? உங்கள் பேக்கப் பிளகின் எத்தனை மணிக்கு ஓடுகிறது என்று பாருங்கள்.

சைட் ரொம்ப ஸ்லோ. அர்ஜென்ட். என்ன செய்யலாம்?

எந்த ஹோஸ்டிங், எத்தனை கோர், பிஎச்பி (வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழி) எந்தப் பதிப்பு, எப்போதிலிருந்து? ஒன்றும் எழுதவில்லை. எனக்கு ஜோசியம் தெரியாது.

சிபியு குறைய இரண்டு கேச் பிளகின், இரண்டு செக்யூரிட்டி பிளகின், ஒரு டேட்டாபேஸ் கிளீனர் போட்டேன். முன்பைவிட மோசமாகிவிட்டது.

ஆகாமல் என்ன செய்யும்? பிளகினால் வந்த வலிக்குப் பிளகினையே மருந்தாகப் பூசும் இந்தப் பழக்கத்தைப் பற்றி எத்தனை முறை எழுதியிருப்பேன்!

முன்பே தயாரித்து வைத்த பக்கத்தை கேச்சிலிருந்து எடுத்துக் கொடுக்க வேர்ட்பிரஸில் அட்வான்ஸ்டு-கேச் என்று ஒரே ஒரு கோப்புக்குத்தான் இடம். இரண்டு பிளகின்களும் அதற்கு அடித்துக்கொள்ளும். ஒன்று சேமித்ததை இன்னொன்று துடைத்தாலும் ஆச்சரியமில்லை. கடைசியில் ஒவ்வொரு பக்கமும் புதிதாகச் சமைக்கப்படும். செக்யூரிட்டி பிளகின்கள் ஸ்கேன் என்ற பெயரில் ஆயிரக்கணக்கான கோப்புகளைத் திறந்து படிப்பவை. இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்பினால் சின்ன விபிஎஸ் (வாடகை மெய்நிகர் செர்வர்) மூச்சு முட்டிப் போகும். ஒவ்வொன்றிலும் ஒன்றை மட்டும் வையுங்கள்.

அப்புறம், பிளகினை அழித்தால் எல்லாம் போய்விடும் என்று நினைக்காதீர்கள். பல பிளகின்கள் தங்கள் செட்டிங்ஸை டேட்டாபேஸின் ஆப்ஷன்ஸ் டேபிளில் விட்டுவிட்டுத்தான் போகும். அவற்றில் ஆட்டோலோட் ஆகிறவை ஒவ்வொரு கோரிக்கைக்கும் மெமரிக்கு ஏறும். நான் பார்த்த ஒரு தளத்தில் இது 9 எம்பி. பெரும்பகுதி என்றோ தூக்கிப்போட்ட ஸ்லைடர் ஒன்றின் மிச்சம். வேர்ட்பிரஸ் 6.6-இலிருந்து 800 கேபியைத் தாண்டினாலே அட்மினில் உள்ள சைட் ஹெல்த் பக்கம் எச்சரிக்கும். அந்தப் பக்கத்தை யார் திறக்கிறார்கள்? பேக்கப் எடுத்துவிட்டு, இன்னதென்று தெரிந்த வரிகளை மட்டும் கையால் நீக்குங்கள். கிளீனரிடம் விடாதீர்கள்.

அலுவலகத்தில் 6 பேர் எடிட்டரைத் திறந்து வைத்திருந்தாலே சிபியு ஏறுகிறது. அட்மின்-அஜாக்ஸ் என்று காட்டுகிறது.

வேர்ட்பிரஸின் ஹார்ட்பீட் வேலை அது. எடிட்டரில் வேலை நடக்கும் ஒவ்வொரு டேபும் 10, 15 வினாடிக்கு ஒருமுறை செர்வரைக் கூப்பிடும். ஒவ்வொரு முறையும் வேர்ட்பிரஸ் முழுதாக, எல்லாப் பிளகின்களையும் சுமந்துகொண்டு எழுந்து வரும், கேச் உதவாது. இடைவெளியை 60 வினாடியாக்குங்கள். முழுதாக நிறுத்த வேண்டாம், ஒரே பதிவை இருவர் திருத்தினால் எச்சரிப்பது அதுதான்.

நேரம் குறித்த வேலைகளை ஓட்டும் டபிள்யூபி-கிரானை நிறுத்தலாமா?

நிறுத்தலாம். அதே கையோடு செர்வர் கிரானில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும்படி வையுங்கள். மறந்தால் நேரம் குறித்து வைத்த பதிவுகள் வெளியாகாமல் கிடக்கும்.

பிஎச்பி 7.4-இல் இருக்கிறேன். மாறினால் குறையுமா?

குறைய வாய்ப்புண்டு. குறையாவிட்டாலும் மாறுங்கள், 2022 நவம்பரிலேயே அதற்கு ஆதரவு முடிந்துவிட்டது. முதலில் ஸ்டேஜிங்கில், அதாவது சோதனைக்கான நகல் தளத்தில். பேக்கப்.

புடவைக் கடை, ஊகாமர்ஸ் என்ற கடைப் பிளகின். 300 பொருள்தான், ஆனால் பாட்கள் நாள் முழுக்க மேய்கின்றன.

நிறம், விலை, துணி என்று ஃபில்டர் வைத்திருப்பீர்கள். ஒவ்வொரு சேர்க்கையும் பாட்டுக்கு ஒரு புது முகவரி, 300 பொருள் லட்சம் பக்கமாகிவிடும். கேள்விக்குறியோடு வரும் முகவரிகளைப் பெரும்பாலும் கேச்சும் கண்டுகொள்ளாது. ஃபில்டர் முகவரிகளை, எதைத் தொடக்கூடாது என்று பாட்களுக்குச் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் தடுங்கள். அதை மதிக்காத பாட்களை ஃபயர்வாலில்.

லோடு ஆவரேஜ் (ஓடும், காத்திருக்கும் வேலைகளின் சராசரி) 3. பயப்பட வேண்டுமா?

எத்தனை கோர்? 4 என்றால் போய்த் தூங்குங்கள். 1 என்றால் மேலே முதல் கேள்வியிலிருந்து படியுங்கள்.