மதர்போர்டு மாற்றினால் விண்டோஸ் லைசென்ஸ் போய்விடுமா?

கேள்வி: வீட்டிலிருந்தே டிடிபி வேலை செய்து பிழைக்கிறேன். விண்டோஸோடு வாங்கிய லேப்டாப்பில் வாரண்டி காலத்திலேயே மதர்போர்டு போய்விட்டது. சர்வீஸ் சென்டரில் அதே மாடல் போர்டு போட்டுத் தந்தார்கள். இப்போது விண்டோஸ் ஆக்டிவேட் ஆகவில்லை. புது லைசென்ஸ் வாங்கி, ஃபார்மேட் செய்ய வேண்டும் என்கிறார்கள். பக்கத்துக் கடைக்காரரோ 300 ரூபாய்க்கு ஆக்டிவேட் செய்து தருகிறேன் என்கிறார். என்ன செய்வது?

பதில்: ஃபார்மேட்டுக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள், சகோதரி. உங்கள் பிழைப்பே அந்த டிஸ்கில்தான் இருக்கிறது. போர்டு மாறினாலும் விண்டோஸ் 10, 11 பெரும்பாலும் அப்படியே ஓடும். லைசென்ஸ் பழைய போர்டின் அடையாளத்தோடு பதிவாகியிருப்பதால்தான் ஆக்டிவேஷன் போயிருக்கிறது.

கம்ப்யூட்டரோடு வரும் ஓஇஎம் லைசென்ஸை இன்னொரு கம்ப்யூட்டருக்கு மாற்ற முடியாது. வேகம் வேண்டுமென்று நீங்களாக வேறு போர்டு வாங்கிப் போட்டிருந்தால், மைக்ரோசாஃப்ட் அதைப் புதுக் கம்ப்யூட்டராகவே பார்க்கும். புது லைசென்ஸ் வாங்கத்தான் வேண்டும். உங்கள் விஷயம் அப்படியல்ல. பழுதானதற்காகத் தயாரிப்பாளரே அதே மாதிரி போர்டு போட்டால் பழைய லைசென்ஸ் தொடரும். அதை உயிர்ப்பித்துத் தருவது அவர்கள் வேலை. இன்னொரு முறை நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை.

அந்த 300 ரூபாய் வழி வேண்டவே வேண்டாம். திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே பயன்படுத்தினால், பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது இந்த வம்பு எதற்கு?

ஜாப் ஷீட் (சர்வீஸ் சென்டர் தந்த வேலைச் சீட்டு) எண், போர்டு மாற்றிய தேதி, ஆக்டிவேஷன் திரையின் படம் எல்லாம் சேர்த்து நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 15 நாள் அவகாசம் கொடுங்கள். 'டேட்டாவுக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று ஜாப் ஷீட்டில் அச்சடித்திருக்கலாம். அது உங்களைக் கேட்காமலே அழிப்பதற்கான அனுமதி ஆகாது என்றே நான் வாதாடுவேன். அதனால் 'என் எழுத்துப்பூர்வச் சம்மதமின்றி ஃபார்மேட் செய்யக் கூடாது' என்று அந்த மின்னஞ்சலில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

பதில் வராவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொழிலுக்கு வாங்கியது, அதனால் புகார் செல்லாது என்று எதிர்த்தரப்பு சொல்லக்கூடும். சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டும் வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவு தெளிவாகச் சொல்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்; 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.