85ஆம் எண் சட்டை

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஆப்பிள்டனுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது, வேலை பிடித்திருக்கிறது, குளிர்கூடப் பழகிவிட்டது, மதியச் சாப்பாட்டு நேரம் மட்டும்தான் பாரமாக இருக்கிறது என்கிறீர்கள். நம் கிரீன் பே பேக்கர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியில் ஆடி, எப்போதோ மினசோட்டா அணிக்குப் போய்விட்ட கிரெக் ஜென்னிங்ஸைப் பற்றி உங்கள் மேசையில் இன்னும் சண்டை நடக்கிறது. அவர் உண்மையிலேயே பெரிய ஆட்டக்காரரா, ஆரன் ரோஜர்ஸ் எறிந்த பந்தைப் பிடித்ததால் அப்படித் தெரிந்தாரா என்று குரல் உயர்கிறது. நீங்கள் தயிர்சாத டப்பாவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறீர்கள். இதையெல்லாம் கற்றுக்கொண்டால்தான் இங்கே ஒட்ட முடியுமா அக்கா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். பதவி உயர்வுக்காகச் சொல்லவில்லை. இந்த வட்டாரத்து மனிதர்கள் மனதில் இருப்பதை நேராகச் சொல்லிப் பழகாதவர்கள். இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போதுதான் அவர்கள் வாயிலிருந்து அது வெளியே வருகிறது. எனக்கு இது புரிய மூன்று வருடம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாம்.

நான் கிரீன் பேக்கு வந்தது 2011 ஜனவரி. வந்த மூன்றாவது வாரம், பிப்ரவரி 6, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருவில் ஒரு கார் இல்லை. ஊரே எங்கோ போய்விட்டது போலிருந்தது. பக்கத்து வீட்டம்மா கதவைத் தட்டி, தனியாக இருக்காதீர்கள், வந்து எங்களோடு பாருங்கள் என்று கூப்பிட்டார். டெக்சாஸ் ஆர்லிங்டனில் சூப்பர் பௌல், அதாவது கோப்பைக்கான கடைசி ஆட்டம். பேக்கர்ஸும் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸும். 31-25 என்று பேக்கர்ஸ் ஜெயித்தார்கள். அதில் இரண்டு டச்டவுன் ஜென்னிங்ஸ் பிடித்தவை. அன்றைக்கு எனக்கு டச்டவுன் என்றால் என்னவென்றே தெரியாது. ஆனால் 85 என்று எண் போட்ட பச்சைச் சட்டைக்காரர் விழுந்து எழும்போதெல்லாம் அந்த வீட்டுக் கிழவர் எழுந்து நின்றது நினைவிருக்கிறது.

உங்களுக்கு அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு சண்டை விளங்கும். நான்கு முயற்சிக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும், முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சி கிடைக்கும். எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுசேர்த்தால் அது டச்டவுன். குவார்ட்டர்பேக் எறிவார், ரிசீவர் ஓடிப்போய்ப் பிடிப்பார். எந்தத் தடத்தில் ஓடுவது, எந்த இடத்தில் வெட்டித் திரும்புவது என்று முன்கூட்டியே பேசிவைத்திருப்பார்கள். ரிசீவர் திரும்பும் முன்பே பந்து கையை விட்டுக் கிளம்பியிருக்கும். ஆக ரிசீவர் எவ்வளவு நல்லவர் என்பதை அவரைத் தனியாகப் பிரித்து எடைபோட முடியாது. அருமையாக ஓடித் தன்னைக் காவல் காக்கிறவனை உதறிவிட்டு வெட்டவெளியில் நிற்பார்; பந்து வேறு யாருக்கோ போய்விடும். கணக்கில் அவர் பெயருக்கு நேரே ஒன்றும் ஏறாது. உங்கள் மேசைச் சண்டையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இப்போது ஆளுக்கு வருவோம். ஜென்னிங்ஸ் 2006 டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், இரண்டாம் சுற்றில், 52ஆவது ஆளாக, வெஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர். ஏழு வருடத்தில் கிரீன் பேக்காக 425 பந்து, 6,537 யார்டு, 53 டச்டவுன். 2007இல் ரோஜர்ஸுக்கு முன் இங்கே குவார்ட்டர்பேக்காக இருந்த பிரெட் ஃபாவ் 421ஆவது டச்டவுன் எறிந்து டான் மரினோவின் சாதனையை முறியடித்தாரே, அந்தப் பந்தைப் பிடித்தவரும் இவர்தான். 2013 மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்ததும் மினசோட்டா வைக்கிங்ஸுக்குப் போனார். ஐந்து வருடத்துக்கு நாலரைக் கோடி டாலர் அளவில் ஒப்பந்தம். அங்கே எண் 15, சட்டை ஊதா நிறம். இரண்டு வருடம் ஆடினார்: 127 பந்து, 1,546 யார்டு, 10 டச்டவுன். 2015 மார்ச்சில் அவர்களும் விடுவித்துவிட்டார்கள்.

ரோஜர்ஸ்தான் இவரை உருவாக்கினார் என்பவர்கள் இந்த இரண்டு கணக்கையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டுவார்கள். 2010இல் ஒரே வருடத்தில் 1,265 யார்டு எடுத்தவர் மினசோட்டாவில் முதல் வருடம் 804 தான் எடுத்தார் என்பார்கள். எனக்கு அந்த வாதம் ஒருபோதும் நியாயமாகப் படவில்லை. 2013இல் மினசோட்டாவில் கிறிஸ்டியன் பாண்டர், மேட் கேசல், ஜாஷ் ஃப்ரீமன் என்று ஒரே வருடத்தில் மூன்று பேர் எறிந்தார்கள். ஒருவருடைய கை பழகும் முன்பே அடுத்தவர் வந்துவிட்டார். வாராவாரம் தாளக்காரர் மாறினால் எந்தப் பாட்டுக்காரர் சுருதி சேர்வார்? அவர் ஓடிய ஓட்டங்களைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் அணி அவரை விட்டது சரியா என்று கேட்டால், சரி என்றுதான் சொல்வேன். இது இரண்டும் வேறு வேறு கேள்வி, மேசையில் எல்லாரும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். 2012இல் அடிவயிற்றுத் தசைக் காயத்துக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு பாதி ஆட்டம்தான் ஆடினார், 366 யார்டுதான் எடுத்தார். வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. நம் ஐபிஎல்லில் ஏலத்துக்கு இவ்வளவுதான் பணம் என்று இருக்கிறது அல்லவா, அதேபோல இங்கும் ஓர் அணி மொத்தமாக ஒரு வருடத்துக்கு இவ்வளவுதான் சம்பளம் கொடுக்கலாம் என்று வரம்பு உண்டு. 2013இல் அது 12.3 கோடி டாலர். அந்த ஏப்ரலிலேயே ரோஜர்ஸுக்கு ஐந்து வருடத்துக்கு 11 கோடி நீட்டிப்பு, கிளே மேத்யூஸுக்கு 6.6 கோடி. இந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் பட்டுப்புடவை எடுக்க முடியாது.

இதற்கும் மேலாக அன்று பேக்கர்ஸின் பொது மேலாளராக இருந்த டெட் தாம்ப்சனின் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் டிராஃப்டின் இரண்டாம் சுற்றிலேயே ரிசீவர்களைத் தேடி எடுத்தவர். 2006இல் 52ஆவதாக ஜென்னிங்ஸ், 2008இல் 36ஆவதாக ஜோர்டி நெல்சன், 2011இல் 64ஆவதாக ராண்டல் காப், ஜென்னிங்ஸ் போன மறுவருடம் 2014இல் 53ஆவதாக டவான்டே ஆடம்ஸ். ஒரு மரம் காய்ப்பு குறையும் முன்பே பக்கத்தில் கன்று நட்டுவைத்திருந்தார். ஜென்னிங்ஸ் போன பிறகு 2013இல் நெல்சன் 1,314 யார்டு, 2014இல் 1,519 யார்டு. இதை யாராவது சொன்னால் மேசையில் கொஞ்ச நேரம் பேச்சு நின்றுபோகும். நான் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் இன்னும் கோபம் என்று நீங்கள் கேட்கலாம். கோபம் பணத்தின் மேல் இல்லை. ஊர்மாறி வேறு எங்கே போயிருந்தாலும் வாழ்த்தி அனுப்பியிருப்பார்கள். போனது மினசோட்டா. வருடத்துக்கு இரண்டு முறை மோத வேண்டிய அணி. நாலு வருடத்துக்கு முன்பு ஃபாவே அங்கே போய் நின்ற காயம் ஆறாமல் இருந்தது. பதினாறு வருடம் இந்த ஊரின் பிள்ளையாக இருந்தவர், இடையில் ஒரு வருடம் நியூயார்க் ஜெட்ஸில் இருந்துவிட்டு, 2009இல் ஊதாச் சட்டையோடு பேக்கர்ஸின் சொந்த மைதானமான லாம்போ ஃபீல்டுக்கு வந்து 38-26 என்று ஜெயித்துவிட்டுப் போனார். அந்த வடு இருக்கும் இடத்தில் ஜென்னிங்ஸும் கால் வைத்தார். போனவர் பேசாமலாவது இருந்திருக்கலாம். அந்தக் கோடையிலேயே செய்தியாளர்களிடம் ரோஜர்ஸைக் குறைசொன்னார், பெயரைக்கூடச் சொல்லாமல் சட்டை எண்ணைச் சொல்லிப் பேசினார். சாப்பிட்ட வீட்டைப் பற்றித் தெருவில் நின்று பேசியதாகத்தான் இங்கே எடுத்துக்கொண்டார்கள். எனக்கும் அன்று வருத்தமாக இருந்தது.

இந்த அணிக்கு முதலாளி என்று ஒருவர் கிடையாது, அதையும் மனதில் வையுங்கள். 1923 முதல் ஊர் மக்களின் பங்கில் நடக்கிறது. அந்தப் பங்குக்கு லாபப் பணம் வராது, விற்கவும் முடியாது. ஆனாலும் கண்ணாடி போட்டு வரவேற்பறையில் மாட்டிவைத்திருக்கிறார்கள். லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் ஊரில் 81,000 பேர் உட்காரும் ஸ்டேடியம். கோடைப் பயிற்சிக்குப் போகும் ஆட்டக்காரர்கள் ஊர்க் குழந்தைகளின் சைக்கிளை வாங்கி ஓட்டிப்போவார்கள், குழந்தை ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் ஓடும். தன் சைக்கிளை ஓட்டியவர் எதிரணியில் போய்ச் சேர்ந்தால் அந்தக் குழந்தைக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

எங்கள் காகித ஆலையில் பராமரிப்புப் பிரிவில் ஒரு பெரியவர் இருந்தார், இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். ஜென்னிங்ஸ் போன பிறகு பலர் 85ஆம் எண் சட்டையை மடித்துப் பரணில் வைத்துவிட்டார்கள். ஒருவர் முதுகில் இருந்த பெயரின் மேல் கறுப்பு நாடா ஒட்டிக்கொண்டு வந்தார். இந்தப் பெரியவர் மட்டும் வெள்ளிக்கிழமைதோறும் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு வருவார். யார் என்ன சொன்னாலும், "சூப்பர் பௌலில் அவன் பிடித்த பந்தை நீ திருப்பிக் கொடுத்துவிடுவாயா?" என்று ஒரே கேள்விதான். மற்றவர்கள் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

2013 நவம்பர் 24, லாம்போவில் மினசோட்டாவோடு ஆட்டம். கூடுதல் நேரமும் முடிந்து 26-26 என்று சமனில் நின்றது. இந்த ஆட்டத்தில் அது அபூர்வம். மறுநாள் திங்கட்கிழமை மேசையில் யாருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. எல்லாரும் எழுந்துபோன பிறகு நான் அந்தப் பெரியவரிடம் கேட்டேன், நீங்கள் மட்டும் ஏன் எப்போதும் ஜென்னிங்ஸ் பக்கம் என்று. அவர் காபிக் கோப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "என் மகன் மினியாப்பொலிஸில் இருக்கிறான். இந்த ஆலையில் அவனுக்கு வேலை இல்லாமல் போனது. அங்கே கொடுத்தார்கள், போனான். அவன் பிள்ளைகள் ஊதாச் சட்டை போட்டுத்தான் வளர்கின்றன." அவ்வளவுதான். கோப்பையைத் துடைத்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மினியாப்பொலிஸ் இங்கிருந்து நாலரை மணி நேர ஓட்டம். அந்த நாலரை மணி நேரத்தை அவரால் வேறு எந்த வார்த்தையிலும் சொல்ல முடியவில்லை. அன்று ராத்திரி ஊருக்கு, அப்பாவுக்குப் போன் போட்டேன். கும்பகோணத்திலிருந்து நான் கிளம்பிய நாளில் அவர் ஒன்றுமே பேசாமல் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அன்று அவர் பேசாததை கிட்டத்தட்ட மூன்று வருடமாக மனத்தாங்கலாக வைத்திருந்தேன். அந்த போனுக்குப் பிறகு வைத்திருக்கவில்லை.

ஆகவே தம்பி, மேசையில் கருத்துச் சொல்ல வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். வந்த புதிதில் நான் எண்களை மனப்பாடம் பண்ணிக்கொண்டு போய் ஒப்பித்தேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள், பேச்சு அதோடு நின்றுவிட்டது. கேள்வி கேட்கத் தொடங்கிய பிறகுதான் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்கள். பந்து கை தவறியதா, எறிந்ததே தப்பா என்று ஒன்று கேளுங்கள் போதும், உப்பு டப்பாவையும் மிளகு டப்பாவையும் ஆட்டக்காரர்களாக வைத்து அரை மணி நேரம் விளக்குவார்கள். ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு ஆட்டம் இருந்தால் அந்த நேரத்தில் யாரையும் எதற்கும் அழைக்காதீர்கள். அசைவம் சாப்பிடமாட்டீர்கள் என்றால் ஸ்டேடியத்துக்கு வெளியே வண்டியடியில் சமைக்கும் கூட்டத்தில் பொரித்த சீஸ் கட்டாயம் கிடைக்கும். கையோடு பருப்பு வடை கொண்டுபோங்கள், ஒன்றுகூட மிஞ்சாது.

ஜென்னிங்ஸ் கதையும் கோபத்தோடு முடியவில்லை. 2015 ஜூலையில் ஃபாவின் 4ஆம் எண்ணை லாம்போவில் ஓய்வுபெறச் செய்த இரவு ஊரே திரண்டு நின்று கைதட்டியது. பிற்பாடு ஜென்னிங்ஸையும் பேக்கர்ஸ் புகழ்க்கூடத்தில் சேர்த்தார்கள். பரணிலிருந்து 85 மெதுவாக இறங்கி வருகிறது, இப்போது கடைத்தெருவிலேயே பார்க்கிறேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வாருங்கள். ஆப்பிள்டனிலிருந்து அரை மணி நேரம்தான். பதினொன்றரைக்குள் வந்துவிடுங்கள், சாம்பார் சாதமும் அப்பளமும் இருக்கும். அந்தப் பெரியவரும் வருவார், அதே சட்டையில். சூப்பர் பௌலில் ஆறு நிமிடம்போல மிச்சம் இருந்தபோது, மூன்றாவது முயற்சியில் பத்து யார்டு வேண்டிய இடத்தில், ஜென்னிங்ஸ் பிடித்த அந்த 31 யார்டு பந்தைப் பற்றி அவரிடம் கேளுங்கள். அவரைக் காவல் காத்த ஸ்டீலர்ஸ் ஆட்டக்காரர் ஐக் டெய்லரின் விரல் நுனிக்கு எவ்வளவு பக்கத்தில் போனது என்று எழுந்து நின்று கையை நீட்டிக் காட்டுவார்.