தேர்தல் வழக்கு: வந்த கடிதங்களும் என் எரிச்சலும்

காரைக்குடி வாசகர்: தேர்தல் முடிவு வந்து 2 மாதம் ஆகிறது. ஐகோர்ட்டில் தேர்தல் மனு போடலாமா?

முடியாது. 45 நாள்தான். தாமதத்தை மன்னிக்கச் சொல்லும் மனுவெல்லாம் இங்கே செல்லாது. வட்டிக்கடைப் பெட்டியடியில் உட்கார்ந்து நாள்வட்டி பார்த்த ஊர்க்காரர்கள் நாளைக் கோட்டை விடலாமா?

தேவகோட்டை: சான்றிதழ் கொடுத்த பிறகு தேர்தல் அதிகாரியிடம் மறு எண்ணிக்கை கேட்கலாமா?

முடிவுப் படிவத்தில் அவர் கையெழுத்துப் போடுவதற்கு முன், எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். கூச்சல் போட்டது கணக்கில் வராது.

பள்ளத்தூர்: நீதிபதி எதிர்த்தரப்புக்கு வேண்டியவர் என்று பேசிக்கொள்கிறார்கள். மாற்றச் சொல்லலாமா?

யார் பேசிக்கொண்டார்கள், எதை வைத்து? அதை மட்டும் யாரும் எழுதுவதில்லை. விலகச் சொல்லிக் கேட்க உரிமை உண்டு, ஆனால் கையில் விவரம் வேண்டும்: நெருங்கிய உறவு, பணச் சம்பந்தம், இதே விவகாரத்தில் முன்பு வக்கீலாக இருந்தது, இப்படி ஏதாவது. மேற்கு வங்காளத்தின் நந்திகிராம் தொகுதியில் தோற்றதை எதிர்த்துப் போட்ட வழக்கில் 2021-ல் மம்தா பானர்ஜி, நீதிபதி கௌசிக் சந்தாவுக்கு வக்கீல் காலத்தில் பா.ஜ.க. தொடர்பு இருந்தது என்று சொல்லி விலகக் கேட்டார்; அவரும் விலகினார், ஆனால் கேட்ட விதத்துக்காக 5 லட்சம் அபராதம் போட்டுவிட்டுத்தான் விலகினார். அப்போது முதலமைச்சராக இருந்தவருக்கே அந்தக் கதி. 1975-ல் அலகாபாத் ஐகோர்ட் நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா, பதவியிலிருந்த பிரதமர் இந்திரா காந்தியின் ரேபரேலி வெற்றியையே செல்லாது என்றார். அவரிடம் தோற்று வழக்குப் போட்ட ராஜ் நாராயண் தரப்பு ஜெயித்தது அரசு ஊழியரைத் தேர்தல் வேலைக்குப் பயன்படுத்தியதை நிரூபித்துத்தான். அதனால் நீதிபதியின் ஜாதகத்தை விட்டுவிட்டு உங்கள் மனுவைப் பாருங்கள்: எந்த வாக்குச்சாவடி, எந்தத் தேதி, யார் யாருக்குப் பணம் கொடுத்தார்? அது இல்லாத மனு முதல் படியிலேயே விழும், அப்புறம் அதற்கும் நீதிபதியைத்தான் திட்டுவீர்கள்.

கல்லல்: ஊராட்சித் தலைவர் தேர்தலுக்கு எங்கே போவது?

சிவகங்கை மாவட்ட நீதிமன்றம். அங்கேயும் நாள் கணக்கு உண்டு, முதல் பதிலைப் படியுங்கள்.

திருப்பத்தூர்: வழக்கில் ஜெயித்தால் சட்டமன்றப் பதவி எங்களுக்கு வந்துவிடுமா?

தானாக வராது. உங்கள் ஆளே தேர்வானதாக அறிவிக்கவும் தனியாகக் கேட்க வேண்டும். கேட்டால் போட்டியிட்ட எல்லோரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும், ஒருவரை விட்டாலும் மனு காலி. காலத்தையும் யோசியுங்கள். 6 மாதத்தில் முடிக்கப் பார்க்கச் சொல்கிறது சட்டம். ராதாபுரத்தில் 2016-ல் வித்தியாசம் வெறும் 49 ஓட்டு, மறு எண்ணிக்கைக்கு உத்தரவு வந்தது 2019-ல், எண்ணியும் ஆயிற்று, முடிவை வெளியிட சுப்ரீம் கோர்ட் தடை போட்டது, அப்படியே 2021-ல் அடுத்த தேர்தலே வந்துவிட்டது.