ஒன்றரை கிலோகூட இல்லாத குழந்தை, சுத்தி நிக்கிற ஸ்டூடன்ட்ஸ்... பிரைவேட்டுக்கு மாத்திடலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு இது முதல் குழந்தை. பிரஷர் ஏறிடுச்சுன்னு 31 வாரத்துலயே ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டாங்க. பெண் குழந்தை, 1 கிலோ 380 கிராம். மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில பச்சக்குழந்தை வார்டுல 12 நாளா இருக்கா. மூக்குல வச்சிருந்த காத்துக் குழாயை எடுத்தாச்சு, இப்ப வாய் வழியா டியூப்ல பால் போகுது. எடை 1 கிலோ 340தான் இருக்கு. தினமும் காலைல ஒரு கூட்டமே வந்து நின்னு பேசிட்டுப் போறாங்க, பாதிப் பேர் சின்னப் பிள்ளைங்களா இருக்காங்க. அன்னைக்கு ஆக்சிஜன் நல்லா ஏறி 98 காட்டினப்பகூட சிஸ்டர் வந்து குறைச்சுட்டுப் போனாங்க. இப்ப குழந்தையை நெஞ்சுல போட்டுக்கச் சொல்றாங்க, டியூப்போட எப்படித் தூக்குறதுன்னு பயமா இருக்கு. மாமியாரும் சொந்தக்காரங்களும் "படிக்கிற பசங்க கையில பிள்ளையை விட்டுட்டு இருக்கீங்களே, ஆராய்ச்சி பண்ணுவாங்க"ன்னு சொல்றாங்க. வீட்டுக்காரர் நகையை அடகு வச்சு பிரைவேட்டுக்கு மாத்த ரெடியா இருக்கார். என்ன பண்ணட்டும்?
பெயர் வேண்டாம், தென் மாவட்டம்

பதில்: மாத்த வேண்டாம்மா. நகை பீரோலயே இருக்கட்டும். நான் பச்சக்குழந்தை வார்டுல ஸ்டாஃப் நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ, அந்த வார்டுக்கு வெளியில பெஞ்சுல உக்காந்துட்டு ஒவ்வொருத்தர் சொல்றதையும் கேட்டுக் கேட்டு மனசு கலங்கிப் போற அம்மாக்களை நிறைய பாத்திருக்கேன், அதனால உங்க பயம் எனக்கு நல்லாவே புரியுது. ஆனா உங்க லெட்டர்ல நீங்க எழுதிருக்கிற ஒவ்வொரு விஷயமும் குழந்தை நல்லா வந்துட்டு இருக்கான்னுதான் எனக்குச் சொல்லுது. 31 வாரத்துக் குழந்தை 12 நாள்ல மூக்குக் குழாய் இல்லாம தானா மூச்சு விடுறா, டியூப்ல போற பாலைத் தாங்கிக்கிறா. இந்த நேரத்துல அவளைத் தூக்கி ஆம்புலன்ஸ்ல வச்சு இன்னொரு இடத்துக்குக் கொண்டு போறதுதான் ரிஸ்க், வழியில உடம்பு குளிர்ந்து போகும், சர்க்கரை இறங்கும், மூச்சு விட மறந்துடும். இங்க இல்லாத ஒரு ஆபரேஷனோ வசதியோ வேணும்னு டாக்டரே எழுதிக் குடுத்து அனுப்புனா போகணும், சொந்தக்காரங்க சொன்னாங்கன்னு போகக் கூடாது.

மொதல்ல அந்தக் கூட்டத்தைப் பத்தி சொல்றேன். காலைல வர்றது ரவுண்ட்ஸ். அதுல யூனிட் சீஃப் இருப்பார், அவருக்குக் கீழ அசிஸ்டன்ட் ப்ரொஃபசர், அப்புறம் பிஜி, அப்புறம் ஹவுஸ் சர்ஜன். நீங்க சின்னப் பிள்ளைங்கன்னு நினைக்கிற பிஜி எல்லாம் எம்பிபிஎஸ் முடிச்சு டாக்டர் ஆயிட்டு குழந்தை வைத்தியத்துக்குன்னே மூணு வருஷம் படிக்கிறவங்க, ஹவுஸ் சர்ஜனும் எம்பிபிஎஸ் பரீட்சை பாஸ் பண்ணிட்டு ஒரு வருஷம் ட்ரெய்னிங்ல இருக்கிறவங்கதான். இன்னும் எம்பிபிஎஸ் படிச்சுட்டு இருக்கிற பிள்ளைங்க பாக்க வருவாங்க, கேப்பாங்க, ஆனா மருந்து என்ன, எவ்வளவுன்னு முடிவு பண்றது அவங்க இல்ல. ரவுண்ட்ஸ்ல என்ன நடக்கும்னா, ராத்திரி ட்யூட்டி பிஜி உங்க குழந்தை கேஸை ஒப்பிக்கணும், எவ்வளவு பால் போச்சு, எத்தனை தடவை ஒன்னுக்குப் போனா, மூச்சு நின்னுச்சா, ஏன் இந்த மருந்து, ஏன் இன்னும் நிறுத்தலன்னு சீஃப் எல்லார் முன்னாடியும் கேள்வி கேப்பார், பதில் சொல்லத் தெரியலன்னா அந்த பிஜி பாடு பெரும்பாடுதான். ஒரே குழந்தையைப் பத்தி தினமும் இத்தனை பேர் வாய் விட்டுப் பேசி, ஒருத்தர் கவனிக்காததை இன்னொருத்தர் பிடிக்கிறது எவ்வளவு பெரிய பாதுகாப்பு தெரியுமா? நடுராத்திரி மூணு மணிக்கு மானிட்டர் கத்துனா ஓடி வந்து குழந்தையோட உள்ளங்காலை விரலால சுண்டி மூச்சை வரவழைக்கிறது அந்தச் சின்னப் பிள்ளைதான்ம்மா, வீட்ல தூங்கிட்டு இருக்கிற பெரிய டாக்டர் இல்ல.

ஆராய்ச்சி பண்ணுவாங்கன்னு சொல்றதுக்கும் நேரா பதில் சொல்லிடுறேன். ஆஸ்பத்திரில ஆராய்ச்சி நடக்கும், நடக்கணும். ஆனா உங்க குழந்தையை அதுல சேக்கணும்னா எத்திக்ஸ் கமிட்டி, அதாவது ஆராய்ச்சி நியாயமா நடக்குதான்னு பாக்கிற குழு, ஒத்துக்கிட்ட ஆராய்ச்சியா இருக்கணும், உங்களுக்குப் புரியிற மாதிரி தமிழ்ல சொல்லி எழுத்துல சம்மதம் வாங்கணும். வேண்டாம்னு நீங்க சொன்னா வைத்தியத்துல ஒரு குறையும் வைக்கக் கூடாது. அதே மாதிரி குழந்தை இப்பதான் தூங்குறா, அப்புறம் பாருங்கன்னு ஸ்டூடன்ட்ஸ்கிட்ட சொல்லவும் உங்களுக்கு உரிமை இருக்கு. இன்னொன்னு, யார் குழந்தையைத் தொட வந்தாலும், சீஃபாவே இருந்தாலும், "சார் கை கழுவிட்டீங்களா"ன்னு தைரியமா கேளுங்க. கூட்டம் அதிகமா இருக்கிற வார்டுல எனக்கு நிஜமாவே பயம்னா அது இன்ஃபெக்ஷன்தான், ஒழுங்கா கை கழுவுனாலே அதுல பெரும்பகுதி தடுக்கலாம். கேட்டா முகம் சுளிக்கிறவங்களும் இருப்பாங்க, சுளிச்சுட்டுப் போகட்டும்.

அந்த ஆக்சிஜன் விஷயத்துல சிஸ்டர் செஞ்சது ரொம்ப சரி. பெரியவங்களுக்கு 98 இருந்தா சந்தோஷம். குறை மாசக் குழந்தைக்கு ஆக்சிஜன் குடுத்துட்டு இருக்கிறப்ப 90ல இருந்து 95க்குள்ள வச்சுக்கணும்னுதான் பாப்போம், அதுக்கு மேல போக விட்டா கண்ணுக்குள்ள இன்னும் முழுசா வளராத ரத்தக்குழாய் தாறுமாறா வளர ஆரம்பிச்சு விழித்திரையையே பாதிக்கலாம், அதுக்குப் பேர் ஆர்ஓபி. 98ஐப் பாத்துட்டு சும்மா போயிருந்தாதான் அவங்க மேல எனக்குக் கோபம் வந்திருக்கும்.

எடையைப் பத்தி ரொம்ப யோசிக்காதீங்க. குறை மாசக் குழந்தை மொத வாரத்துல பத்துல இருந்து பதினஞ்சு சதவீதம் வரைக்கும் எடை இறங்குறது வழக்கம்தான், ரெண்டு வாரம் வாக்குல பிறந்த எடையைத் திரும்பப் பிடிச்சுடும். உங்க பொண்ணு நடுவுல இன்னும் கீழ இறங்கிட்டு இப்ப ஏறிட்டுதான் இருப்பா, நம்பலன்னா கேஸ் ஷீட்ல எடை சார்ட்டைக் காட்டச் சொல்லிப் பாருங்க. அதுக்கப்புறம் ஒரு நாளைக்கு இருபது இருபத்தஞ்சு கிராம் ஏறுனா போதும்.

இப்ப நெஞ்சுல போட்டுக்கிற விஷயம், இதைத்தான் உங்ககிட்ட விரிவா பேசணும்னு நினைச்சேன். 1978ல கொலம்பியா நாட்டுல பொகோட்டாவுல ஒரு பெரிய பிரசவ ஆஸ்பத்திரில இன்குபேட்டர் பத்தாம ஒரே பெட்டிக்குள்ள ரெண்டு மூணு குழந்தைங்களைப் போட்டு வச்சு, ஒன்னுகிட்ட இருந்து ஒன்னுக்கு இன்ஃபெக்ஷன் ஆகி குழந்தைங்க போயிட்டே இருந்தப்ப, எட்கர் ரே அப்படிங்கிற டாக்டர் குழந்தையை அம்மா நெஞ்சோட சேத்துக் கட்டிவிட ஆரம்பிச்சார். அதுதான் கங்காரு முறை. ரொம்ப நாள் இதை வசதி இல்லாத ஊருக்கான வைத்தியம்னுதான் பாத்தாங்க, குழந்தை நல்லா தேறின பிறகுதான் அம்மாகிட்ட குடுப்பாங்க. அப்புறம் இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, டான்சானியான்னு அஞ்சு நாட்டு ஆஸ்பத்திரிங்கள்ல, நம்ம டெல்லி சஃப்தர்ஜங் ஆஸ்பத்திரியும் அதுல ஒன்னு, பிறந்த உடனேயே அம்மா நெஞ்சுல போட்டா என்ன ஆகும்னு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. 1 கிலோல இருந்து 1 கிலோ 799 கிராம் வரைக்கும் இருந்த குழந்தைங்க, அதாவது உங்க பொண்ணு எடைக்காரங்க. பழைய முறையில 28 நாளுக்குள்ள நூத்துக்குப் பதினாறு பேர் வரைக்கும் இறந்தாங்க, உடனே நெஞ்சுல போட்டவங்கள்ல பன்னிரண்டு பேர். வித்தியாசம் அவ்வளவு தெளிவா இருந்ததால ஆராய்ச்சியையே பாதில நிறுத்திட்டாங்க, 2021ல முடிவு வெளிவந்துச்சு, அடுத்த வருஷமே உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துல இருந்து 24 மணி நேரம் வரைக்கும் கங்காரு முறையில வச்சிருக்கச் சொல்லிடுச்சு. உங்க சொந்தக்காரங்க பயப்படுற ஆராய்ச்சிதான்ம்மா இன்னைக்கு உங்க குழந்தையை உங்க கையில குடுக்க வச்சிருக்கு.

எப்படிப் பண்றதுன்னா, முன்பக்கம் திறக்கிற நைட்டியோ ஜாக்கெட்டோ போட்டுக்கோங்க. குழந்தைக்கு டயப்பர், குல்லா, சாக்ஸ் தவிர வேற துணி வேண்டாம். ரெண்டு மார்புக்கும் நடுவுல நிமிந்த மாதிரி வச்சு, தவளை மாதிரி கால் மடங்கி விரிஞ்சிருக்கணும், தலை ஒரு பக்கமா திரும்பி தாடை லேசா தூக்கி இருக்கணும், கழுத்து முன்னாடி மடங்கக் கூடாது, மூச்சு அடைக்கும். சுத்தித் துணியோ பைண்டரோ கட்டிட்டு சாஞ்சு உக்காந்துக்கோங்க. டியூபை சிஸ்டர் பிளாஸ்டர் போட்டு ஓரமா ஒட்டிவிடுவாங்க, அது உருவிட்டு வந்தாலும் பதறாம சிஸ்டரைக் கூப்பிடுங்க, திரும்பப் போட்டுவிடுவாங்க. ஆபரேஷன் தையல் வலிச்சா தலையணை வச்சுக்கோங்க. தூக்கித் தூக்கி வைக்கிறதுலதான் குழந்தை களைச்சுப் போகும், அதனால ஒரு தடவை போட்டா ஒரு மணி நேரத்துக்குக் குறைய எடுக்காதீங்க. நீங்க சாப்பிடப் போறப்ப உங்க வீட்டுக்காரர் சட்டையைக் கழட்டிட்டு போட்டுக்கலாம், உங்க மாமியாரையும் போட்டுக்கச் சொல்லுங்க. அந்தச் சின்ன நெஞ்சு தன் நெஞ்சு மேல ஏறி இறங்குறதை ஒரு மணி நேரம் அனுபவிச்சுட்டாங்கன்னா பிரைவேட் பேச்சே எடுக்க மாட்டாங்க, இதை நான் கண்ணால பாத்திருக்கேன்.

பாலைப் பத்தி நீங்க எழுதல, நானே சொல்றேன். வயித்துல இருந்த வாரத்தையும் சேத்து 34 வாரம் ஆகுற வரைக்கும் சப்பி, விழுங்கி, மூச்சு விடுறதை ஒன்னா செய்ய குழந்தைக்குத் தெரியாது, அதான் டியூப், அப்புறம் பாலாடை, அப்புறம் நேரா மார்பு. அது வரைக்கும் ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியும் சேத்து, கையால பீச்சி எடுத்துட்டே இருங்க. அஞ்சு சொட்டு வந்தாலும் அந்த அஞ்சு சொட்டைக் கொண்டு போய்க் குடுங்க, இந்தக் குழந்தைங்களுக்கு குடல் அழுகிப் போற ஒரு கொடுமையான வியாதி வரும், தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைங்களுக்கு அது கம்மியாதான் வரும். நெஞ்சுல போட்டு எடுத்த உடனே பீச்சிப் பாருங்க, சுரப்பு கூடும். அப்பவும் பத்தலன்னா தாய்ப்பால் வங்கில இருந்து குடுக்கலாமான்னு கேளுங்க. குடுக்கிற அம்மாவுக்கு ரத்தம் டெஸ்ட் பண்ணி, பாலை 62.5 டிகிரில அரை மணி நேரம் சூடு பண்ணிதான் வைப்பாங்க, அதுல தீட்டும் இல்ல, ஆபத்தும் இல்ல. யாராவது பவுடர் டப்பா வாங்கிட்டு வந்து நீட்டுனா மட்டும் டாக்டரைக் கேக்காம தொடாதீங்க.

வீட்டுக்குப் போன பிறகுதான் உங்களுக்கு நிஜமான போராட்டம் இருக்குன்னு நினைக்கிறேன். சேனை வைக்கிறது, வசம்பு, உரை மருந்து, தேன், மூக்குல ஊதி சளி எடுக்கிறது, தொக்கம் எடுக்கிறது, சாம்பிராணிப் புகை, இதுல எதுவுமே இந்தக் குழந்தைக்கு வேண்டாம். பெரியவங்ககிட்ட சண்டை போட்டு ஜெயிக்க முடியாது, அதனால டிஸ்சார்ஜ் அன்னைக்கு மாமியாரையும் கூட்டிட்டுப் போய் டாக்டர் வாயாலயே சொல்ல வச்சிடுங்க. தடுப்பூசியை குறை மாசம்னு தள்ளிப் போடாதீங்க, பிறந்த தேதியை வச்சுதான் கணக்கு, 6 வாரம்னா 6 வாரம். குழந்தை பால் குடிக்கலன்னாலோ, துவண்டு கிடந்தாலோ, உடம்பு சில்லுனு இருந்தாலோ, காய்ச்சல் அடிச்சாலோ, நிமிஷத்துக்கு 60 தடவைக்கு மேல மூச்சு வாங்குனாலோ, நெஞ்சு உள்வாங்குனாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரைக்கும் மஞ்சள் இறங்குனாலோ, வெட்டு வந்தாலோ விடியட்டும்னு காத்திருக்காம 108 கூப்பிடுங்க. ஒரு வயசு வரைக்கும் நோயாளிக் குழந்தைக்கு அரசு ஆஸ்பத்திரில வைத்தியம், மருந்து, டெஸ்ட், போக வர வண்டி எல்லாமே இலவசம், யாராவது காசு கேட்டா ஆஸ்பத்திரி நிர்வாகத்தைப் பாக்கிற டாக்டர், அதாவது ஆர்எம்ஓகிட்ட போய்ச் சொல்லுங்க.

கடைசியா ஒன்னு, நாளைக்கு ரவுண்ட்ஸ்லயே கேளுங்க: "சார், என் பொண்ணுக்கு ஆர்ஓபி கண் டெஸ்ட் எந்தத் தேதி?" 34 வாரத்துக்கு முன்னாடி பிறந்த, இல்ல 2 கிலோவுக்குக் குறைவான எந்தக் குழந்தைக்கும் பிறந்து நாலு வாரத்துக்குள்ள கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு உள்ளுக்குள்ள பாத்தாகணும். வெளியில இருந்து பாத்தா கண்ணு அழகாதான் இருக்கும், ஒன்னுமே தெரியாது. நேரத்துல பிடிச்சா லேசரோ ஊசியோ போட்டு பார்வையைக் காப்பாத்திடலாம், விட்டுட்டா திரும்ப வராது. ஒரு தடவை பாத்துட்டு திரும்ப வரச் சொன்னா, அதுக்குள்ள டிஸ்சார்ஜ் ஆகி ஊருக்குப் போயிருந்தாலும் பஸ் ஏறி வந்துடுங்க, போதும்னு கண் டாக்டர் சொல்ற வரைக்கும் வாங்க. உங்களுக்கு ஏற்கனவே 12 நாள் ஓடிருச்சு, தேதியைக் கேட்டு டிஸ்சார்ஜ் ஃபைல் மேல பெருசா எழுதி வச்சுக்கோங்க.